இடைவேளை வரைக்கும்

எங்கள் சங்கத்துக்குப் பெயர் கிடையாது, தலைவர் கிடையாது, சந்தா கிடையாது. ஒரே ஒரு சட்டம் உண்டு: பிடித்த படத்தின் கதையை இடைவேளை வரைக்கும்தான் சொல்லலாம். அதற்கு மேல் தெரிய வேண்டுமானால் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சட்டம் போட்டவர் கண்ணாடிக் கடை அண்ணன். ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண் பரிசோதிக்கும் பின்னறையில் எங்களை உட்கார வைப்பார். அவருக்குச் சக்கரம் வைத்த ஸ்டூல். யார் கதை சொன்னாலும், இடைவேளை வந்ததும் சுவரில் மாட்டிய எழுத்துப் பெட்டியின் விளக்கைப் போடுவார். தலையெழுத்திலிருந்து பொடியெழுத்து வரை பளிச்சென்று எரியும். அதோடு வாயை மூடிவிட வேண்டும். ஒரு முறை ஒரு பேங்க் கேஷியர், ஆர்வக்கோளாறில், கொலைகாரன் யாரென்று உளறிவிட்டார். அண்ணன் எழுந்தார். ஸ்டூலைச் சுவரோரம் தள்ளினார், செருப்பை மாட்டினார், மாடியிலிருந்த தன் வீட்டுக்கு ஏறிப் போய்விட்டார். கேஷியர் எங்களோடு இருந்தவரை அவர் இறங்கி வரவே இல்லை.

கேஷியர் கழன்றுகொண்ட பிறகு, அண்ணனைத் தவிர மிச்சம் இரண்டு பேர். ஒருவர் பல் டாக்டரம்மா. தன்னிடம் வருகிறவர்களின் வாயைத் திறந்து வைத்துவிட்டுப் படம் சிபாரிசு செய்வார். ஒருவராலும் மறுக்க முடியாது. இன்னொருவன் நான், லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். நான் சொல்லும் படங்களில் பாதிக் காட்சிகள் படத்தில் இருக்காது என்பது டாக்டரம்மாவின் புகார். இருக்காதுதான். டைரக்டர் மறந்ததை யாராவது நிரப்ப வேண்டாமா? லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட ஒருத்திக்கு உள்ளேயே பிரசவம் ஆன கதையை நான் சொல்லத் தொடங்கியபோது ஒரு குழந்தைதான் பிறந்தது. இப்போது இரட்டை. நான் இன்னும் கொஞ்ச காலம் இருந்தால் மூன்றாவதும் பிறந்துவிடும்.

அண்ணன் கடைசியாகச் சொன்ன படம் நாங்கள் யாரும் கேள்விப்படாதது. வாலிப வயதில் பார்த்தாராம், பெயர் நினைவில்லையாம். ரயில் நிலையத்தில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். யாரோ ஒரு பெரியவர், "கொஞ்சம் பாத்துக்குங்க, இதோ வந்துடறேன்" என்று ஒரு தோல் பெட்டியை அவனிடம் விட்டுப் போகிறார். போனவர் வரவே இல்லை. இவன் தன் ரயிலை விடுகிறான், அடுத்ததையும் விடுகிறான். மனைவி வந்து அழைக்கிறாள். வேலை போகிறது. தலை நரைக்கிறது. பெட்டியை விட்டு எழ மாட்டேன் என்கிறான். பிளாட்பாரத்தில் ஈ காக்கை இல்லாத ஒரு மதியம், பெட்டியை மடியில் வைத்துத் திறக்கிறான். கேமரா பெட்டிக்குள் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்க்கிறது.

எழுத்துப் பெட்டி பளிச்சென்று எரிந்தது.

"உள்ளே என்னண்ணே?" என்றேன்.

"போய்ப் பாரு" என்று சிரித்தார்.

அந்த வாரமே மாரடைப்பில் போய்விட்டார்.

டாக்டரம்மா ஊரிலுள்ள பல்லையெல்லாம் விசாரித்துவிட்டார். அப்படி ஒரு படத்தை யாரும் பார்த்ததில்லை. சில மாதம் கழித்து அண்ணி எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். ஞாயிறு மதியம் போனோம். மாடிப்படி அடியில் அண்ணனின் செருப்பு கிடந்தது. பக்கத்தில் அண்ணியின் பெட்டி, துணி அடுக்கிப் பூட்டித் தயாராக இருந்தது.

"நாளைக்குப் பொண்ணு வர்றா, என்னைக் கூட்டிட்டுப் போக. கடையை வாங்கறவங்களும் வர்றாங்க" என்றார் அண்ணி. "எல்லாம் தயார். இவர்தான் கிளம்ப மாட்டேங்கறார்."

"யாரு அண்ணி?"

"தம்பி, எனக்கு எத்தனை பேர் இருக்காங்க? உங்க அண்ணன்தான்."

மதியங்களில் அண்ணி பின்னறை டிவியில் படம் போட்டுப் பார்ப்பாராம். எந்தப் படமானாலும் சரி, இடைவேளை வந்ததும் எழுத்துப் பெட்டி தானாக எரிகிறதாம்.

நான் மெக்கானிக். என் அனுபவத்தில் பேய்களில் முக்கால்வாசி லூஸ் கனெக்‌ஷன். எழுத்துப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டேன். "இப்ப சொல்லுங்க டாக்டரம்மா ஒரு படத்தை" என்றேன்.

அவர் இரட்டைச் சகோதரிகள் படம் ஒன்றைச் சொன்னார். அக்கா கிணற்றை எட்டிப் பார்க்கிறாள், தண்ணீரில் தங்கையின் முகம். இடைவேளை.

பிளக் என் கையில் இருந்தது. எழுத்துப் பெட்டி எரிந்தது.

இதில் நான் எதையும் சேர்க்கவில்லை. சேர்க்க இடமே இல்லை. டாக்டரம்மா திறந்த வாயை மூட மறந்திருந்தார்; முதன்முறையாக அவருடைய பற்களை நான் பார்த்தேன்.

"பயமா இல்லையா அண்ணி?"

"பயமா? அந்த மனுஷன் உயிரோட இருந்தப்பவே எனக்குப் பயமில்லை. புதுசா வர்றவங்க நடுவுல இவரைத் தனியா விட்டுட்டு நான் எப்படிப் போறது, அதான் கவலை. முதல்ல இவரை அனுப்பணும்." அண்ணி குரலைத் தாழ்த்தினார். "முடிவைச் சொன்னா கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிடுவாரில்ல? அந்தப் பெட்டிப் படத்தோட முடிவைச் சொல்லு."

"எனக்கே தெரியாதே."

"இல்லாததைச் சொல்றதுதானே உன் பொழைப்பு! இன்னைக்கு மட்டும் அரிச்சந்திரனா ஆயிட்டியா?"

"நல்லா கேளுங்க அண்ணி" என்றார் டாக்டரம்மா.

தொடங்கினேன். பிளாட்பாரத்தில் மழை பெய்ய வைத்தேன். கடைசி ரயிலை வரவழைத்தேன். பெட்டி கொடுத்த பெரியவரை அதே வயதில், அதே சட்டையில் இறங்க வைத்தேன். எழுத்துப் பெட்டியின் விளக்கு துடித்தது. அறை நடுவில் நின்ற ஸ்டூல் மெல்லச் சுவரை நோக்கி உருண்டது. யாரும் தொடவில்லை. சக்கரம் கிறீச்சிடும் சத்தம், அண்ணன் எழும்போது கேட்குமே, அதே சத்தம்.

"நிறுத்தாதே" என்றார் அண்ணி. ஆனால் அவர் கண் மாடிப்படி அடியில் இருந்தது.

இரண்டு செருப்பும் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. மாடியைப் பார்த்து அல்ல.

"பெட்டியை அவன் பெரியவர்கிட்ட காட்டினான். உள்ளே…"

"போதும் தம்பி!"

அண்ணி பாய்ந்து போய் ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், ஒருவரின் தோளைப் பிடிப்பதைப் போல. "அவன் ஒண்ணும் சொல்லலை. சத்தியமா சொல்லலை. எங்கே கிளம்பிட்டீங்க? உக்காருங்க."

விளக்கு துடிப்பதை நிறுத்தி நிதானமாக எரிந்தது. அண்ணி அந்த வெளிச்சத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என் பெட்டியை மேலே கொண்டுபோய் வச்சிடு தம்பி. பொண்ணுகிட்ட நான் பேசிக்கறேன். அடுத்த வாரம் ரெண்டு பேரும் வாங்க. டாக்டரம்மா, அந்தக் கிணத்துப் படத்தைத் தேடி எடுத்துட்டு வாங்க."

தெருவுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. டாக்டரம்மா என் சட்டையைப் பிடித்தார்.

"லிஃப்ட் சார், உள்ளே என்ன? என்ன சொல்ல இருந்தீங்க?"

காலிப் பெட்டி, அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. இதைத்தான் நான் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் அந்த நொடியில் நாக்கு நுனிக்கு வந்தது அதுவல்ல. நான் கட்டாத ஒன்று. யாரோ காதோரம் குனிந்து சொன்னதுபோல, வார்த்தை வார்த்தையாக வந்தது. எதை வேண்டுமானாலும் ஊதிப் பெரிதாக்குகிறவன் நான், அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றத் தோன்றவில்லை.

சொல்ல வாயெடுத்தேன். எங்களுக்குப் பின்னால், பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில், எழுத்துப் பெட்டியின் வெளிச்சம் தரையோடு நீண்டு வந்து என் காலைத் தொட்டது.

"போய்ப் பாருங்க" என்றேன்.