பேனருக்கு ஒரு படம்

2025ஆம் ஆண்டு, நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. விடியற்காலை முதல் தூறல். வெயில் பெயருக்கும் இல்லை. நெமிலிச்சேரி ரயில் நிலையத்தை அடுத்த பேனர் கடையில், சித்ரா தன் கைப்பேசியை மீண்டும் நீட்டினாள்.

“தொறக்கலக்கா. ஐபோன் படம் இது,” என்றான் கடைக்காரன் கௌதம். “என் சிஸ்டம் பழசு. ஜேபிஜியா இருந்தாத்தான் எடுக்கும்.”

அவள் கைப்பேசியிலும் அது வெறும் சாம்பல் நிறக் கட்டமாகவே தெரிந்தது. அந்தக் கட்டத்துக்குள் இருந்தவர் அவளுடைய தந்தை லோகநாதன். அன்று காலையில் இறந்துபோனார். மாதக்கணக்கில் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த சித்ராவுக்கு அழுவதற்கும் தெம்பு மிஞ்சவில்லை. மறுநாள் சனிக்கிழமை, உடலை எடுக்கலாகாது. ஆகவே இன்றே, பொழுது சாய்வதற்குள் எடுப்பதென்று பங்காளிகள் முடிவு செய்தனர். தோஹாவிலிருந்து தம்பி தினேஷ் வந்திறங்க இரவாகிவிடும்.

தந்தையின் முகத்தைப் பார்க்க இயலாதவன், படத்தையாவது குறையின்றி அனுப்ப எண்ணினான். “வாட்ஸ்அப்ல சும்மா போட்டா தேஞ்சிடும்க்கா. டாக்குமென்டா அனுப்பிகிறேன். நைனா மூஞ்சி எவ்ளோ பெருசு பண்ணாலும் உடையாது,” என்று அழுகையினூடே சொல்லிவிட்டு விமானம் ஏறினான். இப்போது அவனுடைய கைப்பேசி அணைந்திருந்தது.

“ஆதார் போட்டோ குடேன்க்கா. அஞ்சு நிமிசத்துல முடிச்சிரலாம்.”

“எங்கம்மா ஒத்துக்காது. ‘போலீசு புட்சிகினு போன மேரி கீறாரு, அத மாட்டாதீங்க’ன்னுச்சு. அதுக்கு இந்தச் சிரிச்ச படந்தான் வேணுமாம்.”

“சரி, நெட்ல மாத்திப் பார்ப்போம்.”

கௌதம் ஓர் இணையதளத்தைத் திறந்து படத்தை ஏற்றினான். ஒரு வட்டம் சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது. கடைசியில் திரையெங்கும் பச்சைப் பொத்தான்கள் முளைத்தன. அவன் ஒன்றை அழுத்தினான். சீட்டுக்கட்டு விரிந்தது.

“த்தோ பாரு! சாவு ஊட்டுப் படம் கேட்டா ரம்மி ஆடக் கூப்புடுறான்.”

சித்ராவுக்குச் சிரிப்பு வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த பொத்தானில் படம் இறங்கியது. திருநின்றவூர்க் கல்யாணம் ஒன்றில் எடுத்தது. ‘நைனா தோள்மேல கை போடும்மா’ என்று தினேஷ் விடாமல் நச்சரித்ததால், அம்மா வசந்தா வாழ்நாளில் முதல் முறையாக நால்வர் முன்னிலையில் கணவரின் தோளைத் தொட்டாள். அந்தக் கூச்சத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்திருந்தார்.

கௌதம் வசந்தாவை வெட்டி நீக்கினான். தோளின்மேல் கை மட்டும் எஞ்சியது, பச்சை வளையல்களுடன்.

“இத எடுத்துரணும்க்கா. உயிரோட இருக்கவங்க கை கண்ணீர் அஞ்சலியில வரக்கூடாது.”

அவன் அழிக்கத் தொடங்கினான். விரல்கள் மறைந்தன. ஆனால், அந்தப் பாரத்துக்குச் சாய்ந்திருந்த தோள் காரணமின்றிக் கோணலாக நின்றது. சிரிப்பும் யாரைப் பார்த்தென்று தெரியாமல் அந்தரத்தில் தொங்கியது. சித்ரா குனிந்து திரையைப் பார்த்தாள்.

“பழையபடி வச்சிரு, கௌதம்.”

“பாக்கிறவங்க எதுனா சொல்லுவாங்கக்கா.”

“சொல்லட்டும். பிரிண்ட் போடு.”

பேனரைத் தெருமுனையில் கட்டி முடித்தபோது மேளம் தொடங்கியிருந்தது. பெரியப்பா மோகன் அண்ணாந்து பார்த்தார். “இன்னாம்மா, கை ஒண்ணு கீது?” என்றார். சித்ரா பேனரின் கயிற்றை இழுத்து இறுக்கினாள்.

பெண்கள் தெருமுனை வரைதான் வரலாம். பாடை திரும்பியதும் வசந்தா நின்றாள். மேலே பேனரில், மழைத்துளிகள் வழிய அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் அந்தத் தோளைப் பார்த்தாள். பிறகு, யாரும் கவனிக்காதபடி, தன் வலக்கையை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

அப்போது மாலை மணி நான்கு பத்து; தினேஷ் இன்னும் விமானத்தில்தான் இருந்தான்.