வளையல் சத்தமில்லாத வியாழன்

12 நவம்பர் 2024, செவ்வாய்

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். மாலை வகுப்பில் ஷர்மிளா மேடம் தலைவலி உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். இருந்தது.

பெரிய தலைவலி இல்லை. நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டியதுபோலக் காலையிலிருந்து ஒரு பிடிப்பு. ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பில் தூக்கம் கெட்டதால் இருக்கலாம். அதனால் அதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேனா, சொல்லப் பயந்தேனா என்று இப்போது தெளிவாகத் தெரியவில்லை.

சைனிக்புரி சமுதாயக் கூடத்தில் செவ்வாய், வியாழன் மாலைகளில் நடக்கும் வகுப்பு இது. எங்கள் எல்லோருக்கும் முதல் பிரசவம். மேடம் பிசியோதெரபிஸ்ட். வேலூரில் படித்ததால் இந்தத் தெலுங்கு ஊரிலும் என்னிடமும் பக்கத்து வீட்டு ரஷ்மியிடமும் தமிழில் பேசுவார். ஆரம்பிக்கும்முன் வட்டமாக உட்கார வைத்து ஒவ்வொருவரிடமும் கேட்பார்: தலைவலி உண்டா, கண் மங்குகிறதா, குழந்தை அசைகிறதா. தினமும் ஒரு பக்கம் எழுதச் சொன்னதும் அவர்தான். எழுதினால் பயம் குறையுமாம். எனக்குப் பயம் குறையவில்லை, கையெழுத்துதான் திருந்தியிருக்கிறது.

பொய் சொன்னதற்குக் காரணங்களை யோசித்தேன். போன மாதம் இரண்டு தடவை மருத்துவமனைக்கு ஓடினேன். முதல் தடவை வயிற்றுவலி. வாயு என்றார்கள். இரண்டாவது தடவை குழந்தை அசையவில்லை என்று போனேன். ஸ்கேன் அறையில் படுத்ததும் எட்டி உதைத்தது. "அம்மா மானத்த வாங்கணும்னே காத்துக்கிட்டு இருந்திருக்கு" என்று சிரித்தார் என் கணவர் தமிழ்ச்செல்வன். அவர் உப்பலில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறார். "உன் சென்சார் ரொம்ப கூர்மை, சுபா. ஈ உக்காந்தாலும் அலாரம் அடிக்குது."

கேலிதான். ஆனால் அதிலிருந்து எதைச் சொல்ல வாயெடுத்தாலும் இது அலாரமா, ஈயா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

இன்னொரு காரணம் சனிக்கிழமை மதுரை ரயில். அம்மா என்னைப் பிரசவத்துக்குச் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிப் போக வந்திருக்கிறாள். அங்கே பள்ளியில் ப்ளஸ் டூ கணக்கு டீச்சர். திங்கட்கிழமை பள்ளிக்குத் திரும்பியாக வேண்டும், இங்கே தங்க லீவு இல்லை. எல்லாம் சரியாக இருந்தால் இந்த வாரத்துக்குள் போகலாம் என்று இங்குள்ள டாக்டர் சொல்லியிருக்கிறார். 'எல்லாம் சரியாக இருந்தால்' என்பதை விட்டுவிட்டு மீதியைத்தான் அம்மாவிடம் சொன்னேன்.

ஊர் மீது எனக்குப் பெரிய ஏக்கமில்லை. அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவளிடம் மட்டும்தான் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்க முடியும்.

இன்னொரு சங்கடம். வளைகாப்பில் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கிவிட்டார்கள். குழந்தை பிறக்கும் வரை கழற்றக் கூடாது. மூச்சுப் பயிற்சியில் கையைத் தூக்கும்போதெல்லாம் கலகலவென்று ஒரே சத்தம். "சுபா ஆர்கெஸ்ட்ரா கூட்டிட்டு வந்திருக்கா" என்றார் மேடம். எல்லோரும் சிரித்தார்கள். மற்றவர்களின் கவனம் கெட்டிருக்கும்.

13 நவம்பர், புதன்

பெட்டி அடுக்கினோம். குழந்தைக்குப் புதுத்துணி எதுவும் முன்கூட்டியே வாங்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால் நான் ஒளித்து வாங்கிய இரண்டு குல்லாவையும் அவளே கண்டுபிடித்தாள். திட்டுவாள் என்று நின்றேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "கடை வாசம் அடிக்கி. ஊர்ல போயி அலசிக்கிடலாம்" என்று உள்ளே வைத்தாள்.

தலைவலி தொடர்கிறது. அம்மாவுக்குத் தெரியாமல் தைலம் தடவினால் வாசனை காட்டிக்கொடுக்கும் என்று தடவவில்லை.

காலில் செருப்பு நுழையவில்லை. அதைச் சொன்னேன். "ஏட்டி, மாசமா இருக்கவளுக்குக் காலு வீங்கத்தான் செய்யும். ஒன்னைய உண்டாயிருக்கும்போது நான் உங்கப்பா செருப்பப் போட்டுக்கிட்டுதான் பள்ளிக்கூடம் போனேன்" என்றாள் அம்மா. என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "கன்னமெல்லாம் பூசுனாப்ல இருக்கு. இப்பத்தான் பாக்க லெச்சணமா இருக்க."

ஒரு நல்ல செய்தி. வளையல்கள் இன்று கீழும் மேலும் வழுக்கவில்லை. கையோடு சரியாகப் பொருந்திவிட்டன. நாளை வகுப்பில் யாருக்கும் தொந்தரவு இருக்காது.

15 நவம்பர், வெள்ளி. மருத்துவமனை

நேற்று எழுத முடியவில்லை. இரண்டு நாளுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

வியாழன் மாலை ரஷ்மிதான் காரில் அழைத்துப் போனாள். கடைசி வகுப்பு என்பதால் அம்மாவும் வந்தாள். இருவரும் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ரஷ்மி இங்கே போலாரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். உருது கலந்த அவள் தமிழை அம்மா பாதிதான் புரிந்துகொள்கிறாள். ஆனாலும் இருவரும் ஓயாமல் பேசுகிறார்கள்.

மேடம் வருவதற்குத் தாமதமானதால் கேள்விகள் கேட்காமலே பயிற்சியைத் தொடங்கினார். கையைத் தூக்கி மூச்சை இழுத்தோம். இறக்கி விட்டோம். மூன்றாவது முறை மேடம் நிறுத்தினார்.

"சுபா, இன்னிக்கி ஆர்கெஸ்ட்ரா லீவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து என் வலது கையை எடுத்தார். ஒரு வளையலை விரலால் சுற்றப் பார்த்தார். சுற்றவில்லை. புறங்கையைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது. மாவில் விரல் பதிந்ததுபோல இருந்தது. அது என் கைதானா என்று பார்த்தேன்.

"இது எப்பலேர்ந்து?"

"நேத்துல இருந்து மேடம். சத்தம் கொறஞ்சது நல்லதுன்னு நெனச்சேன்."

"தலைவலி?"

அம்மாவைப் பார்த்தேன். மடியில் பையை வைத்துக்கொண்டு, மேடம் என்னைத் தனியாகக் கவனிக்கிறார் என்ற பெருமையோடு உட்கார்ந்திருந்தாள். இப்போதும் இல்லை என்று சொன்னால் நாளை மறுநாள் ரயிலில் இருப்போம். மேடத்தின் கட்டைவிரல் பதிந்த இடம் இன்னும் எழும்பவில்லை.

"இருக்கு. செவ்வாய்க்கிழமையும் இருந்தது. நான் இல்லைன்னு சொல்லிட்டேன்."

"கைக்கு?" என்றாள் ரஷ்மி பின்னாலிருந்து. உருதுவில் ஏன் என்று கேட்கிறாள்.

மேடம் இரத்த அழுத்தம் பார்த்தார். என்னை இடதுபக்கமாகப் படுக்க வைத்து மறுபடி பார்த்தார். இரண்டு தடவையும் நூற்றைம்பதுக்கு மேல்.

"ரஷ்மி, காரை வாசலுக்குக் கொண்டு வா."

அம்மா எழுந்து வந்தாள். "சனிக்கிழமை ஊருக்குப் போறோம்லா டீச்சர். அங்க எங்க டாக்டரம்மாட்ட காட்டிக்கிடுதோம்."

"சனிக்கிழமை இல்லம்மா. இப்போ." மேடம் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். "பிரஷர் ஏறினா இவளுக்கும் டேஞ்சர், பேபிக்கும் டேஞ்சர். டிரெயின்ல நடுராத்திரி ஃபிட்ஸ் வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

காரில் அம்மா என் புறங்கையைத் தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதாட்டி?" என்றாள்.

"சொன்னா கூட்டிட்டுப் போகமாட்டிய. ஒங்களுக்கும் லீவு கெடையாது."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருத்துவமனையில் ஒரு மாத்திரை கொடுத்து, சிறுநீர் பார்த்தார்கள். அதில் புரதம் இருந்தது. அடுத்து ஊசி ஏற்றக் கையைக் காட்டச் சொன்ன நர்ஸ் வளையல்களைப் பார்த்து நின்றுவிட்டார். வீக்கம் ஏறினால் கண்ணாடி சதையை அறுக்கும், எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும் என்றார். இழுத்துப் பார்த்தார். வழுக்கவில்லை. உடைப்பதற்கு இடுக்கி எடுத்து வந்தார்.

"ஒடைக்கக் கூடாது!" அம்மா கட்டிலுக்கும் நர்ஸுக்கும் நடுவில் வந்து நின்றாள். "புருசன் இருக்கவ கை வளையலு. அதும் புள்ளத்தாச்சி. நீங்க வேற என்னமும் செய்ங்க, இதத் தொடாதிய."

நர்ஸ் தெலுங்கில் அதட்டினார். அம்மா தமிழில் அதட்டினாள். நான் இருவருக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உடைக்க நக்கோ, வேணாம், ஆன்ட்டி! ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்று ரஷ்மி நடுவில் புகுந்தாள். "சிஸ்டர், மெல்லிசு பிளாஸ்டிக் கவர் இருக்கா?"

கவரை என் கைமேல் உறைபோல மாட்டி, நுனியை வளையலுக்கு அடியில் செருகி, கவரோடு சேர்த்து மெதுவாக இழுத்தாள். ஒரு வளையல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"இது எப்படிட்டி ஒனக்குத் தெரியும்?"

"லாட் பஜார் வளையல் கடைங்கள்ல டைட் வளையல் இப்படித்தான் போடுவாங்க ஆன்ட்டி. போடத் தெரிஞ்சா எடுக்கத் தெரியாதா?"

இடது கை முழுவதும் அப்படியே வந்தது. நர்ஸ் அந்தக் கையில் ஊசியை ஏற்றினார். வலது கையில் நான்கைந்து மட்டும் கட்டைவிரல் எலும்பைத் தாண்டவில்லை. கவர் கிழிந்தது, இன்னொன்றும் கிழிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சத்தம் போடாமல் இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா ரஷ்மியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். நர்ஸிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கினாள். என் மணிக்கட்டில் மடித்துச் சுற்றினாள்.

"அம்மா, வேண்டாம்மா..."

"நீ சும்மா கெட. நான்தான போட்டேன். நானே எடுக்கேன்."

துண்டுக்கு மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினாள். உள்ளே மெல்லிய சத்தம். பிரித்தபோது ஒரு கீறல்கூட இல்லை. கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

செல்வன் உப்பலிலிருந்து நெரிசலில் ஊர்ந்து வந்து சேர்ந்தார். சட்டை நனைந்திருந்தது. "எனக்கொரு போன் போட்டுத் தலைவலின்னு சொல்றதுக்கென்ன சுபா?"

"சொன்னா சென்சார்னு சொல்லுவீங்க."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து என் வீங்கிய பாதத்தைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார். பெரிய டாக்டர் வந்து எழுந்திருக்கச் சொல்லும் வரை அப்படியே இருந்தார்.

இன்று காலை டாக்டர் சொன்னவை: குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது. எனக்கு மாத்திரையில் அழுத்தம் இறங்கியிருக்கிறது, இயல்புக்கு வரவில்லை. ஒருவேளை சீக்கிரம் எடுக்க வேண்டி வந்தால் என்று குழந்தையின் நுரையீரலுக்காக எனக்கு ஊசி போடுகிறார்கள். முப்பத்தேழு வாரம் வரை கொண்டுபோகப் பார்க்கிறார்கள். பயணம் கிடையாது. பிரசவம் இங்கேதான்.

இதை அம்மாவிடம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் வராந்தாவில் தலைமையாசிரியரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தது கதவு வழியாகக் கேட்டது.

"ஆமா சார், அரையாண்டு வருது, தெரியும் சார். போர்ஷன் முடிச்சிட்டேன், ரிவிஷன்தான் இருக்கு... பெருசுதான் சார், ப்ளஸ் டூ பெருசுதான். நான் இல்லன்னா சொன்னேன்? ஆனா அதுகளுக்கு வேற டீச்சர் போட்டுக்கிடலாம்லா?" அந்தப் பக்கம் ஏதோ கேட்டார் போல. "எவ்வளவு நாளுன்னு கேட்டா எனக்கு எப்படித் தெரியும் சார். அது எப்ப வாரேங்குதோ அப்ப."

உள்ளே வந்து, "லீவு கெடச்சிட்டு" என்றாள். கிடைத்ததா, எடுத்துக்கொண்டாளா என்று நான் கேட்கவில்லை. செல்வன் எங்கள் டிக்கெட்டுகளை ரத்து செய்தார்.

மாலையில் மறுபடி நெற்றியில் ஒரு பிடிப்பு. மிக லேசாக. மத்தியானம் தூங்காததால் இருக்கலாம், அறையில் விளக்கு அதிகம், நர்ஸ் இப்போதுதான் டீ குடிக்க உட்கார்ந்தார். இத்தனையும் யோசித்தேன். பிறகு மணியை அழுத்தினேன்.

நர்ஸ் டம்ளரோடு வந்தார். அழுத்தம் பார்த்தார். காலையில் இருந்த அளவேதான். "சாரி சிஸ்டர், ஒண்ணுமில்லை போல" என்றேன்.

"ஒண்ணுமில்லைன்னு நான்தான் சொல்லணும், நீ இல்லை" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு மீதி டீயைக் குடித்துக்கொண்டே போனார். கோபமா இல்லையா என்று தெரியவில்லை. அம்மா பக்கத்துப் பெஞ்சில் தூங்கத் தொடங்கிவிட்டாள். செல்வன் சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார்.

ஒரு நாளில் எவ்வளவு புரதம் போகிறது என்று பார்க்க நாளை செய்ய வேண்டியது: காலை ஆறு மணிக்கு எழுந்ததும் முதல் சிறுநீரைச் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு ஞாயிறு காலை ஆறு மணி வரை வருவதையெல்லாம், ஒரு தடவைகூடத் தவறாமல், நர்ஸ் கொடுத்த பெரிய கேனில் சேர்க்க வேண்டும்.