மாப்பிள்ளை இல்லாத படங்கள்

ஊரில் பாதிப் பேருக்கு விசா படம் எடுத்துக் கொடுத்தவள் அவள். அவளுடைய விசா மட்டும் படத்தால் நின்றுபோனது.

கணவர் வெளிநாட்டில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை பார்க்கிறார். போய் மூன்று வருஷம். அங்கிருந்து அவளை ஸ்பான்சர் செய்து, சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம், கல்யாணப் பதிவு என்று எல்லாவற்றையும் ஒழுங்காக அனுப்பியிருந்தார். நிஜமான புருஷன் பெண்டாட்டிதான் என்று காட்டுவதற்காக ஒரு கட்டு புகைப்படங்களும் போயின. விசா அலுவலகத்திலிருந்து வந்த பதில் ரொம்பவும் பணிவாக இருந்தது. படங்கள் மிக அழகு, ஆனால் எல்லாவற்றிலும் மனைவி மட்டுமே இருக்கிறார், கணவரும் சேர்ந்து நிற்கும் படங்களோடு நேர்காணலுக்கு வரவும் என்று எழுதியிருந்தார்கள்.

அங்கேதான் வந்தது வினை. வெளிநாடு போவதற்கு முன்னால் அவர் ஸ்டுடியோ வைத்திருந்தவர். ஊருக்கெல்லாம் படக்காரர். படம் எடுப்பாரே தவிர, படத்தில் நிற்க மாட்டார். கல்யாணத்தன்று மட்டும் வேறு வழியில்லாமல் கேமராவை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையாக உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? "லைட்டைப் பாரு", "தள்ளி நில்லு", "ஐயோ, குனியாதே" என்று அந்த ஆளைப் படுத்திய பாட்டில், ஒரு படத்தில் மாப்பிள்ளைக்குத் தலை இல்லை, இன்னொன்றில் பாதிக் காது, மற்றதில் எல்லாம் கண் மூடியிருந்தது. மறுநாளே தன் முகம் வந்த அத்தனையையும் அழித்துவிட்டார். சொந்தக்காரர்கள் போனில் எடுத்ததைக்கூட, "எங்க, காட்டுங்க பார்ப்போம்" என்று வாங்கி, அவர்களுக்கே தெரியாமல் அழித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். இந்த லட்சணத்தில் ஒரு படம் தன் பெயரில் வெளியே போகக் கூடாதாம். தொழில் மானமாம்! மானம் பிழைத்தது. பெண்டாட்டியின் விசாதான் ஊசலாடிக்கொண்டு நின்றது.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணாவது இருக்காதா?" என்று போனில் கேட்டாள்.

"தேடுறேன்மா."

"எங்க தேடுவீங்க? அழிச்சதே நீங்கதானே."

கிடங்கின் இரைச்சலுக்கு நடுவே அவர் பேச்சை மாற்றினார். "கட்டில் வாங்கிப் போட்டுட்டேன்" என்றார். "ஜன்னல் பக்கம் உனக்கு. காலையில வெளிச்சம் அருமையா விழுது."

"கட்டில் கிடக்கட்டும். அதுல படுக்க ஆள் வந்து சேரணுமே!"

சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. இந்த முறை மறுத்துவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு எத்தனை வருஷம் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். அத்தானுடைய பாஸ்போர்ட் படத்திலிருந்து முகத்தை வெட்டி, யாரோ ஒருவரின் உடம்பில் ஒட்டி, அக்கா பக்கத்தில் நிறுத்திக் கொண்டுவந்தான். "எப்படி? ஜோடிப் பொருத்தம் பிரமாதம் இல்ல?"

கணவர் போனதிலிருந்து ஸ்டுடியோவைத் தனியாக நடத்தியவள் அவள். பார்த்தவுடனே தெரிந்தது. "எனக்கு நிழல் இந்தப் பக்கம் விழுது, அவருக்கு அந்தப் பக்கம் விழுது. எங்களுக்கு ரெண்டு சூரியனாடா?"

"ஆபீஸ்ல இதையெல்லாமா பார்க்கப் போறாங்க, அக்கா?"

ஆசை யாரை விட்டது? அந்தப் படத்தைப் பையில் வைத்தாள், வெளியே எடுத்தாள், மறுபடி வைத்தாள். கடைசியில் தம்பி கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். "பொய்யா அவர் பக்கத்துல நின்னு மாட்டிக்கிட்டா, நிஜமா நிக்கவே முடியாம போயிடும். அதோட, இப்படி ஒரு படம் நம்ம கடையிலருந்து போச்சுன்னு தெரிஞ்சா, விசா கிடைச்சாலும் அந்த மனுஷன் என்னை உள்ள விட மாட்டார்."

நேர்காணல் அறையில் ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் இருந்தன. அதிகாரி நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஓர் அம்மாள். பக்கத்தில் மொழிபெயர்க்க ஓர் இளம்பெண். அதிகாரி படங்களை மேசையில் பரப்பி, ஒன்றைத் தொட்டுக் கேட்டார். இளம்பெண் தமிழில் சொன்னாள்: "இதுல உங்க கணவர் எங்க இருக்கார்?"

அவள் படத்துக்கு வெளியே, வெறும் மேசைமேல் விரலை வைத்தாள். "இங்க இருக்கார்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"நான் ஏன் இப்படிச் சிரிக்கிறேன்னு பாருங்க. கேமராவும் கையுமா, இன்னும் கொஞ்சம் பின்னாடி போறேன், இன்னும் கொஞ்சம்னு போய், அப்பதான் போட்ட சிமெண்ட் தரையில உக்காந்துட்டார். எந்திரிக்கல. உக்காந்தபடியே எடுத்த படம் இது."

மொழிபெயர்க்க வேண்டியவள் முதலில் சிரித்துவிட்டு, அப்புறம்தான் மொழிபெயர்த்தாள்.

"இதுல மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கேனா? பசி. ஓட்டல் வாசல்ல ஒரே ஒரு படம்னு சொல்லி நிக்க வச்சு உயிரை வாங்கினார். இது காய்ச்சல் விட்ட அன்னைக்கு. முந்தின நாளெல்லாம் எனக்குக் கால் பிடிச்சு விட்டார். ஒரு கையால ஜன்னல் திரையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையால எடுத்தார். கொஞ்சம் கோணலா வந்தாலும் அழிச்சிடுற மனுஷன்."

சொல்லச் சொல்ல அவளுக்கே தைரியம் வந்தது. அப்போது அதிகாரி அடியிலிருந்து ஒரு படத்தை உருவினார். விமான நிலைய வாசலில் அவள் நிற்கும் படம். முகம் கலங்கி, விளக்கெல்லாம் கோடு கோடாக இழுத்திருந்தது.

"இது நல்லா எடுத்த படம் இல்லையே. அப்ப அவர் என்ன செஞ்சுட்டிருந்தார்?"

அன்று அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அவரோ கேமராவை முகத்துக்கு நேரே தூக்கியவர் இறக்கவே இல்லை. பிரிகிற நேரத்தில்கூடப் படம்தானா என்று அவள் மனசில் அன்று ஏறிய கோபம் மூன்று வருஷமாக அங்கேயே இருந்தது. அவரிடம் கேட்டதும் இல்லை.

"தெரியலைங்க" என்றாள். "அவர் முகத்தை நான் பார்க்கலை."

அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார். காரியம் கெட்டது என்று நினைத்தாள். அதிகாரி வாயில் விரல் வைத்து, பேசாதே என்று அவளுக்குச் சைகை காட்டிவிட்டு, கணவருடைய எண்ணுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியை அழுத்தினார். இளம்பெண் விவரம் சொல்லிவிட்டு, சிமெண்ட் தரையைப் பற்றிக் கேட்டாள்.

"அதைப் போய் சொல்லிட்டாளா?" என்றார் படக்காரர். "புதுப் பேண்ட்டுங்க அது."

அதிகாரியின் உதடு லேசாக விரிந்தது. அடுத்து விமான நிலையத்துப் படத்துக்கு வந்தார்கள். "இவ்வளவு ஆட்டம் கண்ட படத்தை ஏன் வச்சிருக்கீங்க? கொஞ்சம் கோணினாலே அழிச்சிடுவீங்க இல்லையா?"

பின்னால் ஏதோ வண்டி பீப் பீப் என்று போனது.

"அது நான் எடுத்த படம் இல்லைங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. அவ பார்த்தா இன்னும் அழுவாளேன்னு மூஞ்சியை மறைக்கத்தான் கேமராவைத் தூக்கினேன். கை நடுங்கி, விரல் பட்டு, படம் தானா பதிஞ்சுடுச்சு. எத்தனையோ தடவை அழிக்கப் போனேன், மனசு வரல. அவ முகமும் என் அழுகையும் அதுலதான் இருக்கு. நானும் அவளும் சேர்ந்து இருக்கிற படம்னு என்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்."

மொழிபெயர்க்கிற பெண் நிறுத்தி நிறுத்தி அதைச் சொன்னாள். அதிகாரி அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். சொல்லி முடித்ததும் அவரே போனை இவள் பக்கம் நகர்த்தினார்.

"ஏங்க" என்றாள்.

"நீ அங்கதான் இருக்கியா?"

"மூணு வருஷமா உங்க மேல எவ்வளவு கோபமா இருந்தேன் தெரியுமா?"

"ஐயையோ, எதுக்கு?"

அதிகாரி மற்ற படங்களையெல்லாம் அடுக்கி அவளிடம் கொடுத்துவிட்டு, கலங்கிய அந்த ஒன்றை மட்டும் கோப்பில் வைத்து, பக்கத்திலிருந்த பெண்ணிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"விசா தர்றாங்க" என்றாள் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கணவரும் மனைவியும் சேர்ந்து இருக்கிற படம் பார்த்தாச்சுன்னு எழுதிட்டாங்களாம்."