ஒன்பதாம் அத்தியாயத்தை எழுதியது யார்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு எவனாவது போதைப் படம் போடுவானா? போட்டார்கள். லிங்கராஜபுரத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில், எண்பது பிளாஸ்டிக் நாற்காலிக்கு நூற்றிருபது பேர். என் தம்பி ஸ்ரீஹர்ஷா முன்வரிசையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். அவனுடைய 'தடம் நூற்றேழு' நாவல்தான் படமானது. நாவல் தமிழ், படம் கன்னடம். வந்தபோது நாலே நாளில் தியேட்டரை விட்டு ஓடியது. பத்து வருடம் கழித்து இந்தப் பிள்ளைகள் அதைத் தோண்டியெடுத்து, டீ-ஷர்ட் அடித்துப் போட்டுக்கொண்டு, வசனங்களை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள்.

படத்தைப் பற்றி எனக்கென்ன கவலை? என் கவலையெல்லாம் மறுநாள் பஸ்ஸைப் பற்றித்தான். ஆறு வருடமாக அவன் போதை எதையும் தொடவில்லை. ஆறு வருடமாக ஒரு வரியும் எழுதவில்லை. போன வாரம் தோசையைப் பிட்டுக்கொண்டே சொன்னான்.

"திங்கட்கிழமை கிளம்புறேன்க்கா. பழைய இடத்துக்குத்தான். ஒரு வாரம்."

"அங்க எதுக்குடா?"

"எழுதத்தான். சும்னே டென்ஷன் ஆகாத. கொஞ்சமா, கன்ட்ரோல்ல எடுத்துப்பேன். அந்த ஒன்பதாம் அத்தியாயம் மாதிரி இன்னொண்ணு வந்தா போதும்."

பழைய இடம் என்றால் ஒரு கடலோரக் குடிசை, போதையோடு எழுத அவன் போகிற இடம். ஆறு வருடத்துக்கு முன்னால், போன தடவை, அங்கிருந்து அவனை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தோம். கொஞ்சமாவாம், கன்ட்ரோலாம்! அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

படம் முடிந்து விளக்குப் போட்டதுமே சண்டை ஆரம்பித்தது. விவேக் நகரிலிருந்து வந்திருந்த அன்னம்மாள் என்கிற டீச்சர் எழுந்து நின்றார்.

"என் பையன் இத பதினாலு வாட்டி பாத்திருக்கான். இப்ப காலேஜுக்கே போறதில்ல. கேட்டா, பஸ்ஸுங்க பேசுறத நானும் கேக்கணும்மாங்கிறான். இதுக்குப் போய் கை தட்டுறீங்களே!"

நான் அவர் பார்வையில் படாமல் குனிந்துகொண்டேன்.

"மேடம், அது ஆர்ட்," என்றான் நிகழ்ச்சியை நடத்திய ஷ்ரேயாஸ். "படம் பாத்து யாரும் கெட்டுப்போறதில்ல. என்னை இந்தப் படம்தான் டிப்ரஷன்லேர்ந்து காப்பாத்துச்சு."

"ஆர்ட்டாம் பெரிய ஆர்ட்டு! உன் வீட்ல ஒருத்தன் அப்படிக் கெடந்தா தெரியும்."

பின்வரிசையில் விசில் பறந்தது. "சக்கத் குரு!" என்று ஒருத்தன் கன்னடத்தில் சபாஷ் போட்டான். பாதிப் பேர் டீச்சர் பக்கம் திரும்பி உச்சுக்கொட்ட, மீதிப் பேர் அவரை உட்காரச் சொன்னார்கள். ஷ்ரேயாஸ் மைக்கை ஹர்ஷாவிடம் நீட்டினான்.

"சார், அந்த மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் சீன், புக்ல ஒன்பதாம் அத்தியாயம். வர்ற பஸ்ஸெல்லாம் ஹீரோ பேரச் சொல்லிக் கூப்பிடுமே, அதத் தெளிவா இருக்குற ஒருத்தன் எழுத முடியுமா? உண்மையச் சொல்லுங்க."

ஹர்ஷா சிரித்தான். "முடியாது. எப்படி எழுதினேன்னு எனக்கே ஞாபகமில்ல. அதனாலதான் நாளைக்கு அத எழுதின இடத்துக்கே திரும்பப் போறேன்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஐயோ, எதற்குத் தட்டுகிறோம் என்று இதுகளுக்குத் தெரியுமா? பன்னிரண்டு வருடமாக விழுங்கி வைத்திருந்தது தொண்டைக்கு வந்துவிட்டது. எழுந்துவிட்டேன்.

"ஞாபகம் எப்படிடா இருக்கும்? அத எழுதினது நீ இல்ல. நான்."

முதலில் சிரித்தார்கள். நான் ஹர்ஷாவை மட்டும் பார்த்துப் பேசினேன். அவன் குடிசையிலிருந்து போனில் பேசிப் பதிந்து அனுப்புவான், நான் கேட்டு டைப் அடிப்பேன். அந்த நாவல் முழுக்க அப்படித்தான் உருவானது. ஒன்பதாம் அத்தியாயத்துக்கு அவன் அனுப்பியது நாற்பது நிமிடம். ஆரம்பம் முதல் கடைசி வரை வெறும் மூச்சுச் சத்தம். அதற்குப் பிறகு போன் அணைந்துவிட்டது.

"ஆன்ட்டி, அப்ப நீங்க என்ன அடிச்சீங்க?" என்று ஒரு குரல் வந்தது.

"ஒண்ணும் அடிக்கலடா. இவன் இருக்கானா செத்தானான்னு தெரியாம மூணு நாள் தூக்கமில்லாம அங்கேர்ந்து வர்ற பஸ்ஸ எதிர்பாத்து மெஜஸ்டிக்ல நின்னேன். வர்ற பஸ்ஸெல்லாம் இவன் பேரச் சொல்ற மாதிரியே காதுல விழுந்துச்சு. நாலாம் நாள் இதே ஊர்ல, நீலசந்திராவுல ஒரு கடைவாசல்ல கெடந்தான். ஆஸ்பத்திரியில சேத்துட்டு, அங்க இருந்த பெஞ்சுலயே உக்காந்து எழுதினேன். பதிப்பகத்துல அவசரப்படுத்துனாங்க, குடுத்துட்டேன்."

அன்னம்மாள் டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் பேசுவதைக் கேட்கக் கிளம்பிய அவர் மகனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

புத்தகம் வந்தபோதே சொல்லியிருக்கலாம். எல்லோரும் அந்த அத்தியாயத்தையே புகழ்ந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மாதக்கணக்கில் சிரிக்காதவன் அன்றைக்குச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. பைத்தியக்காரி, வாயை மூடிக்கொண்டேன்.

ஹர்ஷா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. மைக் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது.

"அப்போ நான் எழுதினது?"

"மீதி பதினாலு அத்தியாயமும் நீதான்டா."

"அத நல்லாருக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தராவது சொல்லியிருக்காங்களாக்கா?"

அந்தக் கேள்வி ஸ்பீக்கர் வழியாக ஹால் முழுக்கப் போனது. அவன் சொன்ன ஒவ்வொரு வரியையும் கேட்டுக் கேட்டு டைப் அடித்தவள் நான். அழுதுகொண்டே அடித்த பக்கங்கள் உண்டு. நானும் அவனிடம் அதைச் சொன்னதில்லை. இப்போது சொன்னால் சமாதானத்துக்குச் சொல்வது போலத்தான் இருக்கும்.

அவன் மைக்கை ஷ்ரேயாஸிடம் கொடுத்துவிட்டு வெளியே போனான். நான் செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினேன். கீழே ஆட்டோக்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

"ஹர்ஷா, நாளைக்கு பஸ்..."

"போகல. போய் என்ன பண்ணப் போறேன்?"

அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வாரமாகச் சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் முன்னைவிட அதிகமாகப் பயந்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.