குல்சும் மேடம் திரும்பப் பெற்ற கையெழுத்து

சிங்காநல்லூரில் எங்கள் அப்பா லட்சுமணசாமிக்கு ஒரு நாடா மில் இருந்தது. பாராசூட்டின் குடையையும் அதில் தொங்கும் ஆளையும் சேர்த்துப் பிடிக்கிற நைலான் நாடாதான் எங்கள் சரக்கு. நெய்த சுருள் ஒவ்வொன்றும், ராணுவத் தளவாடங்களின் தரம் பார்க்கும் மத்திய அரசு அலுவலகத்துக்குப் போகும். அங்கே உம்மல் குல்சும் மேடம் கையெழுத்துப் போட்டால்தான் பாராசூட் தைக்கிற இடத்துக்கு நகரும்.

மேடம் கோட்டைமேட்டுக்காரர். அவருடைய அத்தா கரீம், லேத் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவர். மேடம் டெக்ஸ்டைல் படித்துவிட்டு, இருபத்துமூன்று வயதில் அந்த அலுவலகத்தில் சேர்ந்தார். நான் மில்லுக்கு வந்த புதிதில், தறிக் கூடத்துக்குள் நுழையாமலே, ஒரு சுருளை இரண்டு விரலுக்கு நடுவே ஓடவிட்டுச் சொன்னார்:

"சுரேந்தர், இது எந்தத் தறிங்க? ஊசி தேஞ்சிருக்கு. மாத்திப்போடுங்க."

போய்ப் பார்த்தேன். தேய்ந்துதான் இருந்தது. அன்றிலிருந்து அவர் கார் கேட்டுக்குள் வந்தாலே எனக்குச் சட்டை பொத்தானைச் சரிபார்க்கத் தோன்றும்.

2011 ஆகஸ்டில் அது நடந்தது. சோதனை எந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே மேடம் ஒரு பழைய சுருளைத் தனியாக வைத்திருந்தார். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு முழம் வெட்டி, நாடாவை இழுத்து அறுத்துப் பார்க்கும் எந்திரத்தில் மாட்டுவார். தொள்ளாயிரத்து நாற்பது கிலோவில் அறும் நாடா அது. அந்த மாதம் ஆயிரத்துப் பத்தில்தான் அறுந்தது. அவருடைய உதவி அதிகாரி முகமது ரியாஸ் பின்னாளில் என்னிடம் சொன்னார். மேடம் அறுந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "நாடாவுக்கு வயசாக ஆகப் பலம் கூடுமா, ரியாஸ்?" என்று கேட்டாராம்.

பழைய பதிவேடுகளைப் புரட்டினார்கள். எட்டு மாதமாக மாதத்துக்கு எட்டு, ஒன்பது கிலோ என்று ஏறிக்கொண்டே வந்திருந்தது. எந்திரம் கூட்டிச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் மேடமே பார்த்துக் கையெழுத்திட்டிருந்தார். அந்த எட்டு மாதத்தில் பாஸ் ஆன லாட்டுகள் மூன்று. மூன்றும் எங்கள் மில் சரக்கு.

"மெஷினை ரிப்பேர் பண்ணிட்டு விட்டுருவோம் மேடம். ஒரு விபத்தும் நடக்கலை. யாருக்குத் தெரியப்போகுது?" என்றிருக்கிறார் ரியாஸ்.

"குதிக்கறவங்களுக்குத் தெரிஞ்சுபோகுமே."

அன்று மாலைக்குள் தலைமையகத்துக்குக் கடிதம் போய்விட்டது. அதன் நகலை நான் படித்திருக்கிறேன். 'எந்திரத்தின் பிசகை எட்டு மாதம் கவனிக்காதது என் தவறு. இந்த மூன்று லாட்டுகளுக்கும் நான் இட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். இந்த நாடா உள்ள பாராசூட் எதிலும் யாரையும் குதிக்க விட வேண்டாம்.' அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவரே மில்லுக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஏனுங்க மேடம், அன்னைக்கு நல்லா இருக்குதுன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க. நான்தான். அதனாலதான் போன்ல சொல்லாம நேர்ல வந்தேன்."

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். வைத்த காபியைக் குடித்து முடித்துவிட்டு, என்னிடம் மட்டும் "வாரேங்க" என்று சொல்லிவிட்டு மேடம் கிளம்பினார்.

எங்கள் தறிகள் நின்றன. வடக்கே எங்கெங்கோ கிடங்குகளில் மடித்து வைத்திருந்த பாராசூட்டுகளையெல்லாம் பிரித்து, நாடாவை வெட்டி இழுத்தார்கள். மேடம் மீது விசாரணை வந்தது. அடுத்த மாதம் கிடைக்கவிருந்த பதவி உயர்வு போயிற்று. அவரைக் கான்பூருக்கு மாற்றினார்கள். கணவர் அர்ஷத் கடையை விட்டு நகர முடியாதவர். எட்டாம் வகுப்புப் படித்த மகள் நிதாவைக் கூட்டிக்கொண்டு மேடம் தனியாகப் போனார். 'எந்திரம்தான் பழுது' என்று ஒரு வரி எழுதினால் போதும், தப்பித்துவிடலாம் என்று ஊழியர் சங்கத்துக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்களாம். கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்து தலைமையகத்திலிருந்து எங்களுக்கு ஒரு பார்சல் வந்தது. அறுபத்துமூன்று பாராசூட்டில் ஏழில், தாங்கவேண்டிய எடைக்கு முன்பே நாடா அறுந்திருந்தது. அந்த ஏழு துண்டுகளும் உறைக்குள் இருந்தன. அப்பா அவற்றை மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். பிறகு பழைய நூல் கோன்களைத் தேடி எடுத்து, இழையை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒருமுறை அவசரத்துக்கு வேறு இடத்தில் வாங்கிய நூல்; இழை குறைந்திருந்தது. எந்திரம் கூட்டிச் சொன்னதில் அது மறைந்துபோயிருந்தது; எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

"ஏழு பேரு கண்ணு," என்றார் அப்பா. என் போனை வாங்கிக் கான்பூருக்குப் பேசினார்.

"அம்மணி, நான் சிங்காநல்லூர் லட்சுமணசாமி பேசறனுங்க. அன்னைக்கு உங்களை வழியனுப்பக்கூட நான் வெளிய வரலீங்க. தப்புப் பண்ணிப்போட்டனுங்க."

மறுமுனையில் என்ன சொன்னாரோ, அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆறு வருடம் கழித்து மேடம் கோவைக்குத் திரும்பினார். பதவி உயர்வு தாமதமாகத்தான் வந்தது. போன வருடம் ஓய்வு பெற்றார்.

இந்த ஜனவரியில் சூலூர் விமானத் தளத்தில் பொதுமக்களுக்கான சாகசக் காட்சி இருந்தது. அப்பாவையும் மேடத்தையும் காரில் அழைத்துப் போனேன். விமானம் ஒரு வட்டம் போட்டது. அதன் வயிற்றிலிருந்து கறுப்புப் புள்ளிகள் உதிர்ந்தன. ஒவ்வொன்றாகக் குடை விரிந்தது. மேடம் உதடசைய எண்ணிக்கொண்டிருந்தார்.

"இருபத்துநாலு. எல்லாம் விரிஞ்சிருச்சு," என்றவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முப்பத்தேழு வருசத்துல ஆகாசத்துல பார்க்கறது இதுதாங்க முதல் தடவை. டேபிள் மேலயே பார்த்துப் பழகிட்டேன்."

அண்ணாந்த அப்பாவின் வாய் மூடவில்லை.

எங்களுக்குப் பக்கத்தில் இறங்கியது இருபது வயதைத் தாண்டாத ஒரு பெண். மேடம் தன்னையறியாமல், கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி, தரையில் கிடந்த நாடாவை நோக்கிக் குனிந்தார்.

"ஆன்ட்டி, தொடாதீங்க. கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க, ப்ளீஸ்," என்றாள் அந்தப் பெண்.

இவர் யார் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். மேடம் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சரிம்மா," என்று பின்னால் வந்து நின்றுகொண்டார். அந்தப் பெண் மண்டியிட்டு, நாடாவில் விழுந்த முறுக்கைப் பிரித்து, நேர்செய்து மடித்து முடிக்கும்வரை அங்கிருந்து அவர் நகரவில்லை.

"கவனமான புள்ளை," என்றார்.