அமாவாசைக்கு இரண்டு நாள் கழித்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது நான் யோசித்துப் பிடித்த கதையில்லை, ஒட்டுக்கேட்டது. கெடா மாநிலத்து மெர்கோங்கில் என் வீட்டுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ரொட்டிச்சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பின்மேசையில் இரண்டு பெண்கள், தலையில் பூ, ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர்கள்.

"அமாவாச அன்னிக்குத் தண்ணி நல்லா ஏறும், வாங்கன்னு கூட்டிட்டுப் போனா. ஏறுன போட்டு சேத்துல போயி உக்காந்துக்கிச்சு. அவளே இடுப்பளவு எறங்கித் தள்ளுனா லா."

அவர்கள் சிரித்தார்கள். நானும்தான். வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் உறைத்தது: கூட்டிப்போனவள் ஏன் அமாவாசையைச் சொன்னாள்?

பேரை அவர்கள் சொல்லவில்லை. குணசுந்தரி என்று நான் வைத்தேன். பாதி கேட்டது, பாதி நான் கட்டியது. எது எந்தப் பாதி என்று கேட்டு என் பிழைப்பைக் கெடுக்காதீர்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'கடாரத்து ஆற்றங்கரையில், அந்தி சாயும் வேளையில், வாழ்வின் விடை தேடி ஒருத்தி...' வேண்டாம். அந்தியில் அவளுக்கு ஷிப்ட்.

மறுபடி. குணசுந்தரிக்கு நாற்பத்தாறு வயது. மெர்போக்கில் கடைசி வரிசை வீடு. சுங்கை பட்டாணியில் ஒரு குளோவ் பெக்டரியில் ஓட்டை பார்க்கும் வேலை. கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எங்கே சொட்டுகிறது என்று கவனிக்க வேண்டும். பதினெட்டு வருடமாகத் தண்ணீரை முறைத்துக்கொண்டிருப்பவள். (இப்படிப்பட்டவளுக்கு ஆர்வம் வந்ததில் என்ன அதிசயம் என்கிறீர்கள். கூட நூறு பேர் முறைக்கிறார்கள், அவர்களுக்கு வரவில்லையே.)

அமாவாசை தவறாமல் தலைக்குக் குளித்து, சைவம் சமைத்து, வீட்டுக்குப் பின்னால் காக்காவுக்குச் சோறு வைப்பாள். ஒரு அமாவாசை, நடுப்பகல். மழை பெய்து பத்து நாளாகியிருந்தது. பின்னால் இருக்கும் கால்வாய் தளும்பி, முதல் படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. படியில் ஒரு குட்டி நண்டு.

அடுத்த அமாவாசைக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும். தமிழ்க் காலண்டரில் கட்டத்துக்குள் 'தண்ணி' என்று பென்சிலால் எழுத ஆரம்பித்தாள்.

"காக்காவுக்கு வெச்சா வெச்சிட்டு வரணும். அங்க என்ன வேடிக்க?" என்றார் புருஷன் மணியம்.

"தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாக்குறேன்."

"பைப்புலேர்ந்து வருது லா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது.

அன்று முழுவதும் அவள் தரையில் நடக்கவில்லை. கடல், பாக்காவ் என்னும் சதுப்புநில மரங்களின் வேர்களுக்கு இடையே வழி கண்டுபிடித்து, யாரையும் எழுப்பாமல், தன் அடுப்படிவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. இத்தனை வருடம் வந்திருக்கிறது. கையுறைகள் வரிசையாகத் தொங்கும் இடத்தில் நின்றுகொண்டு அவள் மனசுக்குள் ஒரு படகைப் பார்த்தாள். அதில் தானே உட்கார்ந்து, அந்தக் கால்வாய் வழியே வந்து, தன் வீட்டுக் கொடியில் காயும் துணிகளைத் தண்ணீரிலிருந்து பார்ப்பதுபோல. இந்த ஆசையை யாரிடம் சொல்வது? சொன்னால் பேய் பிடித்தது என்பார்கள்.*

* நான் எழுத வந்தபோது என் வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள்.

3

ஒரு லீவு நாளில் தஞ்சோங் டாவாய்க்குப் போனாள். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நின்றாள். பக்கத்தூரில் பிறந்து வளர்ந்தவள், நாற்பத்தாறு வயதில் முதல் தடவை வந்திருக்கிறாள்.

அங்கே அஸ்லான். தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக் குடும்பத்துப் பிள்ளை. கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு, போன வருடம் ஒரு படகு வாங்கி, ஆட்களுக்குப் பாக்காவ் காட்டைச் சுற்றிக் காட்டுகிறான். அவளுடைய காலண்டர் தாள்களை அவன் மட்டும்தான் சிரிக்காமல் பார்த்தான்.

"அக்கா, அந்தக் கால்வாய்க்குள்ள போவணும்னு எனக்கும் ஆசதான். அதோட வாயில சேத்து மேடு. தண்ணி உச்சத்துக்கு ஏறுற அன்னிக்குத்தான் போட்டு தாண்டும். போன்ல தண்ணி ஏறுற நேரம் காட்டுறது ஆத்து வாய்க்கு மட்டுந்தான், உள்ள எப்படின்னு தெரியாது. நீங்க நாள சொல்லுங்க. சரியா அமைஞ்சிட்டா, தமிழ் ஆளுங்க வர்ற போதெல்லாம் நீங்கதான் கைடு."

குணசுந்தரி அமாவாசை என்றாள். கூட வேலை செய்யும் நான்கு பெண்களையும் சேர்த்துக்கொண்டாள்.

மீதி உங்களுக்குத் தெரியும். ஆழம் தெரியாமல் காலை விட்டாள். தண்ணீர் ஒரு சாண் குறைவு.

4

இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம். 'அவள் தேம்பித் தேம்பி அழுதாள்' என்று எழுதி அடித்தேன். 'அவள் தோல்வியைப் புன்னகையோடு ஏற்றாள்.' அதையும் அடித்தேன். எந்த மனுஷி அப்படிச் செய்வாள்?

நிஜமாக அவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. மறுநாள் பெக்டரியில் "கேப்டன் அக்கா வந்துட்டாங்க" என்று வரிசையாக எழுந்து நின்றார்கள். கொண்டுபோன சோற்றைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தாள்.

அதற்கும் மறுநாள் லீவு எடுத்துக்கொண்டாள். நடுப்பகலில் சாப்பிடாத சோற்றைக் கொட்டப் பின்னால் போனாள். தண்ணீர் இரண்டாம் படியைத் தாண்டி நின்றது.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். காலண்டரில் எல்லா 'தண்ணி'யும் அமாவாசைக் கட்டத்தில் இருந்ததற்குக் காரணம் தண்ணீர் இல்லை. காக்கா. மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அவள் அந்த நேரத்தில் பின்னால் வருவாள். மற்ற நாளில் பார்த்ததே இல்லை.

"அடிப் பாவி," என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அன்றிலிருந்து மூன்று மாதம், ஷிப்டுக்குக் கிளம்பும் முன்பு, ஒரு நாள் விடாமல் பார்த்தாள்.

5

முடிவுகள்:

அ) கால்வாய் வழிவிடுகிறது. நான்கு பெண்களும் கை தட்டுகிறார்கள். அவள் வேலையை விடுகிறாள். (சர்க்கரை கூடிப்போச்சு.)

ஆ) அஸ்லான் இன்னொரு வாய்ப்புத் தரவில்லை. அவள் பழையபடி கையுறைகளுக்கு நடுவே... (எனக்கு மனசு வரவில்லை.)

இ) 'அப்போது வானத்தில் ஒரு'

எதுவும் அமையாமல் பேனாவை வைத்தபோது, அவளே போனை எடுத்து அஸ்லானைக் கூப்பிட்டுவிட்டாள்.

"தம்பி, இந்தத் தடவ அமாவாசைக்கு ரெண்டு நாள் கழிச்சு."

"ஷூர்தானா அக்கா? இன்னொருக்கா மாட்டுனா என் போட்டு பேரே கெட்டுப்போயிடும். அப்புறம் நீங்க கேட்டாலும் நான் வரமாட்டேன்."

"ஷூர் இல்ல தம்பி. படிவரைக்கும் எனக்குத் தெரியும். உள்ள எப்படின்னு போனாத்தான் தெரியும்."

"யார் யார் வர்றாங்க?"

"அதே நாலு பேரைக் கேட்டேன். ரெண்டு பேரு வர்றாங்களாம். சிரிக்கிறதுக்குத்தான்."

"சரி, வரட்டும்."

6

தண்ணீர் ஏறியதா இல்லையா என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் பொய்.

எந்த ஊர்க்காரன் என்று கேட்டால் கெடாக்காரன் என்று மார்தட்டுவேன். முப்பது வருடமாக இந்த மண்ணைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்தப் பாக்காவ் காட்டுக்குள் ஒரு தடவைகூடப் போனதில்லை. மேலே வேர்களைப் பற்றி எழுதியது பாடப்புத்தகத்தில் பார்த்த படம். போகாத ஊருக்கு வழி சொல்லியே பேர் வாங்கியவன் நான். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நேற்று விசாரித்து தஞ்சோங் டாவாய்ப் படகு நம்பர் ஒன்றைப் பிடித்தேன். அஸ்லான் என்று யாராவது எடுப்பார்கள் என்று நினைத்தேன். எடுத்தது ஒரு பெண்.

"நாளைக்குத் தானேண்ணே? ஒரு எடம் இருக்கு. ஆனா உள்ள போவ முடியும்னு ஷூரா சொல்ல மாட்டேன். பரவால்லயா?"

பரவாயில்லை என்றேன். பேரைக் கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

இன்று அமாவாசை கழிந்து இரண்டாம் நாள், இப்போது மணி எட்டரை. பத்தரைக்குப் படகு, இங்கிருந்து தஞ்சோங் டாவாய்க்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். இறங்கித் தள்ள வேண்டி வந்தாலும் வரும் என்று, அறுபத்திரண்டு வயதில் அரைக்கால் சட்டை போட்டிருக்கிறேன். முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நேரமாகிவிட்டது.