மருதன் என்று கூப்பிட்ட நாள்

என் தம்பி மகன் பேர் மருதன். கேட்கிறவர்கள் எல்லோரும், "மரத்துப் பேரா? எவ்வளவு குளிர்ச்சியா இருக்கு" என்கிறார்கள். குளிர்ச்சியாம். அந்தப் பேரை நாலு பேர் முன்னால் முதன்முதலாகச் சொன்ன அன்றைக்கு ஒரு மனுஷன் வாயிலிருந்து பல்லும் ரத்தமும் கொட்டியது. கொட்ட வைத்தவள் நான். இப்போது நினைத்தாலும் கை பரபரக்கிறதே தவிர, வருத்தம் என்று ஒன்றும் கிடையாது.

தம்பி மரம் அறுக்கும் மில்லில் ரம்பக்காரன். நான் அதே மில்லில் பலகை அடுக்குகிறவள். அவன் பொண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த உடனேயே பேரை முடிவு செய்துவிட்டான்.

"ஆத்தங்கரையில நிக்கிற மரம்க்கா. வெள்ளத்துல கரையே போனாலும் அது போகாது. அதை அறுக்கிறதுக்குள்ள எனக்கு வேர்த்துக் கொட்டிடும். என் புள்ள அப்படி இருக்கணும், எவன் கையிலயும் லேசுல அறுபடக் கூடாது."

பொண்ணு பிறந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "அவளும் அப்படித்தான் இருப்பா" என்று சிரித்தான்.

அவனைக் கொண்டுபோனதும் ஒரு மருத மரம்தான். சாலையோரத்தில் நின்று, வெட்டுப்பட்டு மில்லுக்கு வந்தது. அந்த மாதிரி மரங்களில் போர்டு மாட்டுகிறவன் எல்லாம் ஆணி அடித்திருப்பான். மரம் வளர்ந்து ஆணியை முழுங்கிவிடும். வெளியே ஒரு கருநீலக் கறை மட்டும் தெரியும். தம்பி அந்தக் கறையைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டு, "உள்ள இரும்பு இருக்கு முதலாளி, இதை ஒதுக்கிடலாம்" என்றான்.

முதலாளி செருப்புக் காலாலேயே வட்டத்தைத் தேய்த்து அழித்தார். "உனக்கு இங்க ஜோசியம் சொல்ற வேலை இல்ல. அறு."

மற்ற ஆட்கள் வெளியே லாரியில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நாங்கள் மூன்று பேர்தான். பாதி மரம் போயிருக்கும், காது கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பட்டை ரம்பம் அறுந்து, சுருண்டு எழுந்து, தம்பியின் கழுத்தில் இறங்கியது. நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் பொத்தினேன். விரல் இடுக்கெல்லாம் சூடாக வழிந்தது. தரையில் கிடந்த மரத்தூள் அத்தனையும் குடித்தும் அடங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடங்கிப்போனான். அந்த நேரத்தில் முதலாளி மரம் ஏற்றியிருந்த ட்ராலியைப் பின்னுக்கு இழுத்து, மரத்தைக் கட்டைக் குவியலில் உருட்டிவிட்டார்.

போலீஸிடம் அவர் சொன்னது வேறு. "ரம்பத்துல மரமே இல்ல சார். குடிச்சிட்டு வந்து சும்மா ஓடவிட்டான், அறுந்துடுச்சு." மறுநாளே அந்த மரம் பாய்லர் அடுப்பில் சாம்பலாகிவிட்டது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். அக்காக்காரி வேறெப்படிப் பேசுவாள் என்று அனுப்பிவிட்டார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவன் செத்த பிறகு குடிகாரன் ஆனான். அவன் பிள்ளை குடிகாரன் பிள்ளையாகவே வளர்ந்து, அதையே நம்பியும் தொலைக்கும்.

பிறந்தது ஆண். ஒரு ஞாயிற்றுக்கிழமை மில் ஆட்கள் எல்லோரும் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு மர முக்காலி. அந்த அறையில் நிற்கவே இடமில்லை. அந்த நெரிசலுக்குள் முதலாளியும் நுழைந்தார். கையில் பவுடரும் சோப்பும் வைத்த டப்பா.

"அப்பன் குடிச்சு அழிஞ்சா புள்ள என்னம்மா பண்ணும்? நான் பாத்துக்கறேன்" என்றார், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி. "பேர் என்ன வெச்சிருக்க?"

"மருதன்" என்றாள் தம்பி பொண்டாட்டி. "அவர் இருக்கும்போதே வெச்சது."

"நல்லா இருக்கே" என்றார் லாரி டிரைவர்.

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. "அது வேணாம்மா. வேற எதாவது வை."

"ஏன் முதலாளி?"

"சொன்னா கேளு. புருஷனைக் கொன்ன மரத்தோட பேரையா புள்ளைக்கு வைப்பாங்க?"

கதவோரம் நின்ற மேஸ்திரிதான் மெதுவாகக் கேட்டார்.

"ரம்பத்துல மரமே இல்லேன்னீங்களே, முதலாளி."

"இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

அவரைச் சொல்லி முடிக்க நான் விடவில்லை. முக்காலியைத் தூக்கி வாயிலேயே போட்டேன். பலகை தூக்கிப் பழகின கை. முன்பற்கள் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தன. சுவரில் மோதிச் சரிந்தவரைத் தோளில் ஒன்று போட்டேன், எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. யாராவது பிடித்து இழுப்பார்கள் என்று நினைத்தேன். மேஸ்திரி கதவை உள்பக்கம் தாழிட்டார். மூன்றாவதாக மண்டைக்கு ஓங்கினேன்.

"போதும் அண்ணி" என்றாள் தம்பி பொண்டாட்டி. "அவருக்கு வாய் வேணும். இதையே ஸ்டேஷன்ல வந்து சொல்லணும். இத்தனை பேர் கேட்டிருக்காங்க."

முக்காலியை இறக்கினேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தரையில் கிடந்த மனுஷன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். புருஷன் செத்ததிலிருந்து அவள் குரல் அவ்வளவு தெளிவாக வந்து நான் கேட்டதில்லை.

"பேர் மருதன்தான் முதலாளி. ஒரு தடவை கூப்பிடுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் முக்காலியைத் தரையில் ஒரு தட்டு தட்டினேன். உதட்டில் ரத்தம் நுரைக்க, பல் போன வாயால், அவர் என் தம்பி மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.